மாமனாருக்கு ஒரு மடக்குக்கத்தி

மாமனாருக்குக் கத்தி குடுக்கணும்னு உனக்குத் தோணிச்சே, அதுக்கே உன்னைய மெச்சணும்டா பேராண்டி. எங்க காலத்து மருமவனுங்களுக்கும் அந்த ஆசை இருந்துது. ஆனா அத மனசுக்குள்ளயே பூட்டி வச்சுக்கினு, வெளிய வேட்டி துண்டு வாங்கிக் குடுத்துட்டு கும்புட்டுக்கினு நின்னோம். நீ என்னடான்னா பாரிசுலேர்ந்து போன் போட்டு, "தாத்தா, நல்ல மடக்குக்கத்தியா ஒண்ணு சொல்லு, அவருக்கு ரொம்ப ஆசையாம்"னு கேக்குற. நிச்சயம்தான் ஆயிருக்குது, இன்னும் தாலி கட்டல. அதுக்குள்ள ஆயுத சப்ளையா?

சரி, கேட்டுட்ட. பாகூர் ஏரிக்கரையில குந்திக்கினு இருக்குற கெழவனுக்கு பிரெஞ்சுக் கத்தியப் பத்தி இன்னா தெரியும்னு யாராச்சும் கேட்டா, எங்க தாத்தா சொல்தான்னு சொல்லு. பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாயா ரொட்டி தின்னவரு, அவங்க குடுக்குற பென்சன்ல இன்னிக்கும் காப்பி குடிக்கிறவரு, அந்த ஊரு குடியானவன் கால்சட்டைப் பையில இன்னா இருந்துதுன்னு கிட்டக்க குந்திப் பாத்தவருன்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா பேச்ச மாத்திடு.

மொதல்ல கத்தியப் பாக்காத, ஆளப் பாரு. உன் மாமனாரு ஒரு கொய்யாப்பழத்த இன்னா பண்றாரு? தானே எடுத்து, தானே அரிஞ்சு, உப்பு மொளகாப்பொடி தூவித் திங்கிறாரா? இல்ல, நாற்காலியில சாஞ்சுக்கினு ஒரு கொரல் குடுத்தா தட்டுல துண்டமா வந்து நிக்குதா? ரெண்டாவது ரகமா இருந்தாருன்னா கத்திய மாமியாருக்கு வாங்கிக் குடு. வேலை செய்யிறவங்க கையில ஆயுதம் இருக்கட்டும். மாமனாருக்குத் துண்டு போதும். அத தூக்கித் தோள்ல போட்டுக்க ரொம்பத் தெறமை வேணாம்.

பிரான்சுல கிராமத்து ஆளுங்க சாப்பாட்டு மேசைக்கு அவனவன் கத்தியோட வந்து குந்துவான். ரொட்டி, பாலாடைக்கட்டி, காஞ்ச பன்னிக்கறி, கடைசில ஆப்பிள் பழம், எல்லாத்துக்கும் அந்த ஒரே கத்திதான். வீட்டுப் பெரியவரு தின்னு முடிச்சு, அலக ரொட்டித் துண்டுல தொடச்சு மடக்கினாருன்னா சாப்பாடு முடிஞ்சுதுன்னு அர்த்தம். மத்தவன் அதுக்குள்ள தின்னுருந்தா உண்டு. உன் மாமனாருக்கு இந்தச் சேதிய மட்டும் சொல்லிடாத. கல்யாணப் பந்தியிலயே மடக்கிக் காட்டிடப் போறாரு.

இப்பக் கடைக்குள்ள போவோம். போனதும் உன் கண்ண இழுக்குறது லயோல் கத்திதான். ஒல்லியா, லேசா வளைஞ்சு, முதுகுல ஒரு ஈ குந்திக்கினு இருக்கும். ஈன்னு சொன்னா கடைக்காரன் கோவிச்சுப்பான், தேனீன்னு சொல்லணும். சொன்னதும் ஆரம்பிச்சுடுவான்: "அந்த ஊரு வீரனுங்கள மெச்சி நெப்போலியன் குடுத்த சின்னம் சார் இது." நீ வாயப் பொளந்துக்கினு கேட்டுக்கோ. கேட்டுட்டு வெளிய வந்து கணக்கு போடு. லயோல் ஊர்ல இந்தக் கத்தி பொறந்தது 1829-ன்னு அவங்களே சொல்றாங்க. நெப்போலியன் செத்தது 1821. செத்து எட்டு வருசம் கழிச்சு எந்திரிச்சு வந்து தேனீ குடுத்திருந்தாருன்னா அவரு பேரரசருதான், சந்தேகமே இல்ல. நெசத்துல அந்தத் தேனீ கத்தி மேல வந்து குந்துனதே 20-ஆம் நூற்றாண்டுலதான். கதையக் கேளு, கதைக்கும் சேத்து வெல போட்டிருக்கானான்னு மட்டும் பாத்துக்கோ.

ஊரு நெசமான ஊருதான். பிரான்சுல தெக்கால, அவெய்ரோன் ஜில்லாவுல, ஓப்ராக்னு ஒரு மேட்டுநெலம். மாடு மேய்க்கிற சனங்க. கைப்புடியில பொடி ஆணித் தலையா அடிச்சு ஒரு சிலுவ போட்டிருப்பாங்க. கோயில் இல்லாத மலையில மேய்ப்பன் கத்திய ரொட்டியில குத்தி நிறுத்தி, அந்தச் சிலுவையப் பாத்து செபம் பண்ணுவான்னு ஒரு பேச்சு உண்டு. அப்பால அந்த ஊரு பசங்க பஞ்சம் பொழைக்க பாரிசுக்குப் போயி காப்பிக்கடை, சாராயக்கடைன்னு வேலைக்குச் சேந்தாங்க. 1880 வாக்குல கத்தியில கார்க் புடுங்குற திருகாணி மொளைச்சுது. பாத்தியா, ஊர்ல இருக்குறப்ப செபத்துக்கு ஒதவுன கத்தி, பாரிசுக்குப் போனதும் பாட்டில் தெறக்க ஆரம்பிச்சுடுச்சு. உன்னைய ஒண்ணும் சொல்லல, கத்தியத்தான் சொல்றேன்.

ஆனா பேரு இருக்குதே, அது மட்டும் ஊருக்கு மிஞ்சல. லயோல்னு எவன் வேணும்னாலும் எந்த நாட்டுலேர்ந்து வேணும்னாலும் அலகுல குத்தி விக்கலாம்னு ஆயிப்போச்சு. திருப்பாச்சேத்தின்னு முத்திர குத்திட்டா தகரம் எல்லாம் திருப்பாச்சேத்தி அரிவாளா ஆயிடுமா? அந்தக் கததான். வெளியாளு ஒருத்தரு ஊர்ப் பேர வியாபாரச் சின்னமாப் பதிஞ்சுக்க, ஊர்க்காரங்க கோர்ட்டு வாசப்படி ஏறித் தோத்து, 2012-ல தங்க ஊரு பேர்ப்பலகையத் தாங்களே கழட்டிப் போட்டு ஆர்ப்பாட்டம் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி 1987-லயே, கத்தி செய்யிறத ஊருக்குத் திரும்பக் கொண்டாரணும்னு ஒரு பட்டற ஆரம்பிச்சாங்க. அதோட கூரையப் பொளந்துக்கினு 18 மீட்டர் ஒசரத்துல ஒரு கத்தி அலகு நிக்கும். இவ்வளவு பெருசா கத்தி காட்டியும் பேரு திரும்பி வர 2019-ல கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டியிருந்துது பாரு; அதுக்கப்புறமும் கண்டவன் குத்துறது நிக்கல. அதனால கடைக்காரன்கிட்ட "லயோலா?"ன்னு கேக்காத, ஆமான்னுதான் சொல்லுவான். "எங்க செஞ்சது, யாரு செஞ்சது?"ன்னு கேளு. அவன் கொஞ்ச நேரம் கூரையப் பாத்தான்னா நீ வாசலப் பாரு.

தியேர்ல செஞ்சதுன்னு சொன்னா மூஞ்சியச் சுளிக்காத. பிரான்சு நாட்டுக் கத்தியில பெரும்பங்கு அந்த ஊர்லேர்ந்துதான் வருது. துரோல்னு ஒரு ஆறு பாறையில மோதிக்கினு எறங்கும். அந்தக் காலத்துல அந்தத் தண்ணி வேகத்துலதான் சாணைக்கல்லு சுத்தும். சாணை புடிக்கிறவன் நின்னுக்கினோ குந்திக்கினோ புடிக்க மாட்டான். பலகை மேல குப்புறப் படுத்து, கல்லுக்கு நேரா மூஞ்சிய நீட்டிக்கினு, நாள் பூரா அலக அழுத்துவான். கீழ தண்ணி, சுத்தி ஈரம், மாரிக்காலத்துல கொலையே நடுங்கும். அதுக்கு அவன் இன்னா பண்ணான் தெரியுமா? கால் மேல நாயப் படுக்க வச்சுக்கினான். நாயி சூடு குடுக்கும், இவன் கூரு குடுப்பான். கல்லுலேர்ந்து தெறிச்ச மஞ்சக் குழம்பு அப்பி அப்பி, அவங்களுக்கு மஞ்ச வயித்துக்காரங்கன்னே பட்டப் பேரு. நீ கடையில ஏசியில நின்னுக்கினு "இன்னும் ரெண்டு யூரோ கொறைங்க"ன்னு கேக்கும்போது அந்த நாய நெனச்சுக்கோ.

வாங்குறதுக்கு முன்னாடி கையில எடுத்துப் பாரு. அலகுல நகம் போடுற பள்ளம் இருக்கும். அங்க நகத்த வச்சு இழு. நகம் பேந்துக்கினு வந்தா வேணாம், உன் மாமனாரு வயசுல பல்லு போனப்புறம் மிச்சம் இருக்குறது நகந்தான். தெறந்து வச்சு இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாரு. கணுவுல ஆட்டம் இருந்தா வேணாம். மடக்கி மேலேர்ந்து பாரு. அலகு நடுவுல நிக்காம ஒரு பக்கத் தகட்ட ஒரசுச்சுன்னா வேணாம். முதுகு வில்ல வெளிச்சத்துக்கு நேரா புடி. வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவுல வெளிச்சம் எட்டிப் பாத்தா, நாளைக்கு அந்தச் சந்துல மாம்பழச் சாறு எட்டிப் பாக்கும், அதுக்கு அடுத்த நாளு துரு.

இன்னொண்ணு. இந்த ரகக் கத்திக்குப் பூட்டு கெடையாது. முதுகு வில்லு தம் கட்டி நிக்கிற வரைக்குந்தான் அலகு நிக்கும். அரியலாம், சீவலாம், ஒரிக்கலாம்; குத்தினா உன் வெரல் மேலயே மடங்கும். தெறக்கயில 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும், கேக்க சொகமா இருக்கும். அந்தச் சத்தத்துக்கு ஆசப்பட்டு மடக்கையிலயும் 'படார்'னு விடாத. கூரு போயி உள்ள வில்லுல மோதி நசுங்கும். மாமனாரு டிவி பாத்துக்கினே டக்கு டக்குன்னு மடக்கித் தெறக்குற ஆளா இருந்தா, அவருக்கு இந்தக் கத்தி வேணாம், ஒரு பால்பாயிண்ட் பேனா குடு.

அப்பால கண்ணாடி அலமாரியில செவப்பா ஒண்ணு பல்லக் காட்டும். சுவிஸ் கத்தி. கார்ல் எல்சனர்னு ஒருத்தரு 1884-ல இபாக்ங்கிற ஊர்ல பட்டற போட்டு, 1891-ல அவங்க பட்டாளத்துக்குக் கத்தி குடுக்க ஆரம்பிச்சாரு. 1897-ல இன்னும் லேசா, இன்னும் அழகா ஆபீசர் கத்தின்னு ஒண்ணு பதிவு பண்ணாரு. வேடிக்கை இன்னான்னா, ஆபீசர் கத்திய பட்டாளம் ஆபீசருக்கு இனாமாக் குடுக்கல. சொல்தாவுக்கு ஓசிக் கத்தி, ஆபீசருக்குச் சொந்தக் காசு. ஒலகத்துல ஒரு பட்டாளமாச்சும் ஞாயமா நடந்துருக்குதேன்னு எனக்கு ஒரு சந்தோசம்.

அதுல சுவிஸ்சாம்ப்னு ஒரு தடியன் இருக்குறான். 33 வேலை செய்வானாம். மீன் செதில் ஒரசுவான், தூண்டி முள்ளு கழட்டுவான், மரம் அறுப்பான், பூதக்கண்ணாடி காட்டுவான். எல்லாம் நெசந்தான். ஆனா சட்டைப்பையில போட்டா சட்ட ஒரு பக்கமா எறங்கும். மாமனாரு ஒரு பக்கமா சாஞ்சு நடக்க ஆரம்பிச்சா மாமியாரு உன்னையத்தான் கேப்பாங்க. முப்பத்துமூணுல மொதல்ல தொலையிறது பல்லுக்குச்சி. அது தொலையும்னு தெரிஞ்சுதான் மாத்துக் குச்சியத் தனியா விக்கிறான். புத்திசாலி. சின்னதாப் போதும்னா 58 மில்லிமீட்டர்ல ஒண்ணு கெடைக்கும், சாவிக்கொத்துல தொங்கும். அதுல இருக்குற கத்தரிக்கோலுக்குத்தான் அந்த வெல, மத்ததெல்லாம் கொசுறு.

அந்தக் கம்பெனிக்காரரே 2024-ல இன்னா சொன்னாரு தெரியுமா? பல நாட்டுல கத்திக்குக் கெடுபிடி ஏறிப்போச்சு, அதனால அலகே இல்லாத கைக்கருவி செய்யப் பாக்குறோம்னு சொன்னாரு. கத்தியில்லாத பேனாக்கத்தி! அது கடைக்கு வந்ததும் எனக்கு ஒரு சேதி சொல்லு. பழமும் அறுபடாது, ஒறவும் அறுபடாது. மாமனாருக்குன்னே செஞ்சது.

சரி, எல்லாரையும் கிண்டல் பண்ணியாச்சு, உன் கட்சி எதுன்னு கேக்குற. ஒப்பினேல்டா. மரப்புடி ஒண்ணு, அலகு ஒண்ணு, குறுக்க ஒரு ஆணி, கழுத்துல வளையம். வேற ஒண்ணும் கெடையாது. சாவ்வா மலையில, கோடாலியும் வெட்டுக்கத்தியும் அடிக்கிற வீட்டுப் பையன் ஜோசப் ஒப்பினேல். 18 வயசுல, 1890-ல செஞ்சாரு. உன் பதினெட்டு வயசுல நீ இன்னா செஞ்சேன்னு உங்க அப்பன் எனக்குச் சொல்லியிருக்கான், அத விடு. 1897-ல ஒண்ணாம் நம்பர்லேர்ந்து பன்னெண்டாம் நம்பர் வரைக்கும் அளவு வகுத்தாரு. ஒண்ணாம் நம்பர் அலகு 2 சென்டிமீட்டர். அத வச்சு கொசுவுக்குத்தான் சவரம் பண்ணலாம். அதையும் பதினொண்ணாம் நம்பரையும் பின்னாடி நிறுத்திட்டாங்க. அலகுல கிரீடம் வச்ச ஒரு கை முத்திர இருக்கும், 1909-லேர்ந்து. பக்கத்துல இருக்குற சேன் ழான் த மோரியேன் ஊரு சின்னம் அது. திருமுழுக்கு யோவானோட வெரலு அந்த ஊரு கோயில்ல இருக்குதுங்கிறது அவங்க நம்பிக்கை. கத்தி விக்கிறவன் முத்திரையில வெரலப் போட்டான் பாரு, எச்சரிக்கையாவே எடுத்துக்கோ.

1955-ல மார்செல் ஒப்பினேல் கழுத்து வளையத்தச் சுத்துற மாதிரி வச்சாரு. அலகத் தெறந்து வளையத்த ஒரு திருப்புத் திருப்பிட்டா, அதுக்கப்புறம் மடங்காது. இப்ப வர்றதுல மடக்கினப்புறமும் திருப்பிப் பூட்டலாம், பையில தானாத் தெறக்காது. பொடி நம்பருங்களுக்கு மட்டும் வளையம் இல்ல.

ஒரு கொறை சொல்லிடணும். புடி மரம், அதனால ஈரம் குடிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில ஊதிப்போயி அலகக் கவ்விக்கினு விடாது. நகத்த ஒடைச்சுக்காத. புடியோட அடிக்கட்டைய மேசை ஓரத்துல ஒரு தட்டுத் தட்டு. அலகு கொஞ்சம் வெளிய வரும், புடிச்சு இழுத்துக்கலாம். சாவ்வாக்காரன் தட்டுன்னே அதுக்குப் பேரு. கத்தி குடுக்கும்போதே இந்தத் தட்டையும் சொல்லிக் குடு. இல்லன்னா மொத மழைக்கே, "பிரான்சு மாப்ள குடுத்தது, தெறக்கவே மாட்டேங்குது"ன்னு பாகூர் சந்தை பூரா சேதி போயிடும்.

அலகுல ரெண்டு சாதி. கார்போன்னு குத்தியிருந்தா பழைய இரும்பு ரகம். சீக்கிரமா கூரு ஏறும். சாணைக்காரனத் தேட வேணாம், பீங்கான் கோப்பையக் கவுத்து அடி வளையத்துல நாலு இழுப்பு இழுத்தாப் போதும். ஆனா மாங்கா, எலுமிச்ச, புளி பட்டா கறுக்கும், ஈரத்தோட விட்டா துரு புடிக்கும், நம்ம ஊரு உப்புக் காத்து வேற. கறுத்ததப் பாத்துக் கெட்டுப்போச்சுன்னு தேய்க்கக் கூடாது. அந்தக் கறுப்பு படிஞ்சா செவப்புத் துரு லேசுல ஏறாது. இனாக்ஸ்னு குத்தியிருந்தா துருவுக்குப் பயமில்ல, கூரு ஏத்தத்தான் கொஞ்சம் அதிகமா இழுக்கணும். எது வாங்குறதுன்னு கொழம்பாத. மாமனாரு சைக்கிள் செயினுக்கு எண்ணெ போடுறவரா? கார்போன். செருப்ப மழையில விட்டுட்டு வர்றவரா? இனாக்ஸ். அந்தச் செருப்பையே தொலைச்சுட்டு வர்றவரா? வேட்டி துண்டு.

நம்பரு எட்டு. 8.5 சென்டிமீட்டர் அலகு, உள்ளங்கையில அடங்கும், மாம்பழத்துக்கும் பத்தும், கயித்துக்கும் பத்தும். பாரிசுல ஒரு வேள ஓட்டல் சாப்பாட்டுக் காசுகூட ஆவாது. "இத்தினி மலிவா குடுத்தா இன்னா நெனப்பாங்க"ன்னு பதிமூணாம் நம்பருக்குத் தாவாத. அதுக்கு அலகு 22 சென்டிமீட்டர். நம்ம நாட்டு ஆயுதச் சட்டத்துல வீட்டு வேலை, பயிர் வேலைக்குன்னு இல்லாத கத்திக்கு அலகு 9 அங்குலத்துக்கு மேல நீண்டாலோ, 2 அங்குலத்துக்கு மேல அகண்டாலோ லைசென்சு கேப்பாங்க. 22 சென்டிமீட்டர்னா மயிரிழையில தப்பிச்சுக்கும். சட்டத்துலேர்ந்து தப்பிச்சு இன்னா பண்றது, பொண்ணு வீட்டுல அத நீ விரிச்சீன்னா நிச்சயதார்த்தம் அப்பவே மடங்கிடும். உன் மச்சான் பசங்களுக்கு ஆசையா இருந்தா ஏழாம் நம்பர்ல முனை உருட்டினது ஒண்ணு கொழந்தைங்களுக்குன்னே வருது, அத வாங்கிக்கோ. பெரியவங்களுக்கும் சிலருக்கு அதுதான் நல்லது. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

வாங்கினத அங்க பையில போட்டுக்கினு மெத்ரோவுல சுத்தாத. தகுந்த காரணம் இல்லாம கத்தி வச்சுக்கினு திரியக் கூடாதுன்னு பிரான்சுல சட்டம் இருக்குது. "மாமனாருக்கு"ன்னு நீ சொன்னா போலீசுக்குச் சந்தேகம் இன்னும் ஏறும். வாங்கினதும் வீட்டுக்குப் போ, பெரிய பொட்டியில போட்டு ஏர்போர்ட்டுல ஏத்தி வுடு. கைப்பையில வச்சீன்னா மாமனாருக்குச் செய்யிற சீரு செக்யூரிட்டிக்குப் போயிடும்.

மரப்பொட்டி, வெல்வெட்டு மெத்தை, தங்க ரிப்பன், எதுவும் வேணாம். பொட்டியோட போற கத்தி நேரா ஷோகேசுக்குத்தான் போவும். அங்க பீங்கான் நாய்க்கும் மருமவன் மெடலுக்கும் நடுவுல குந்திக்கினு காலத்த ஓட்டும். கத்தியோட அழகு அது தேயுறதுலடா. சாணை புடிச்சுப் புடிச்சு அலகு பாதியா ஒல்லியாவணும், புடி அந்தக் கையோட எண்ணெயும் வேர்வையும் குடிச்சுக் கறுக்கணும். அப்பத்தான் நீ குடுத்தது அவருக்குப் போயிச் சேந்துதுன்னு அர்த்தம். வேணும்னா புடியில அவரு பேரப் பொறிச்சுக் குடு. பேரு பொறிச்சா அத அடுத்த கல்யாணத்துக்கு மொய்யாத் தள்ளிவுட முடியாது.

குடுக்குற முறைக்கு வர்றேன். உங்க ஆயா இப்பவே கத்துறா: கத்தி, கத்தரிக்கோல், உப்பு, மொளகா, எதையும் கைக்குக் கை குடுத்தா சண்ட வரும், கீழ வச்சுத்தான் எடுத்துக்கணுமாம். நானும் அவளும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கீழ வச்சுத்தான் எடுக்குறோம். அது சண்டைக்குத்தான் தெரியல. இருந்தாலும் அவ சொல்றபடியே செய்யி, எனக்கு இங்க ராத்திரி சோறு வேணும். பிரெஞ்சுக்காரனுக்கும் அந்தப் பயம் உண்டு. கத்திய சும்மா குடுத்தா சிநேகிதம் அறுந்துடும்பான். அதுக்கு ஒரு குறுக்கு வழி வச்சிருக்கான்: கத்தி வாங்குனவன் குடுத்தவனுக்கு ஒரு சல்லிக்காசு குடுத்துடணும். காசு கை மாறிட்டா அது அன்பளிப்பு இல்ல, வியாபாரம். சாமிக்கும் சந்தேகம் வராது.

நீ ரெண்டையும் செய்யி. தாம்பாளத்துல வை, அவரு எடுத்துக்கட்டும். ஒரு ரூபா கேளு. "அய்யோ மாமா, உங்ககிட்டப் போயிக் காசா"ன்னு நெளியாத. வாங்கிப் பையில போடு. போட்டுட்டு எந்திரிக்காம குந்து. ஒரு பழத்த அவரு முன்னாடி நகத்து. அரிஞ்சு உனக்கு ஒரு துண்டு, அவருக்கு ஒரு துண்டுன்னு வச்சாருன்னா நல்ல வீட்டுலதான் பொண்ணு எடுக்குற. அப்படியில்லாம, "பத்திரமா இருக்கட்டும்"னு பீரோ சாவியத் தேடினாருன்னா, அந்த ஒரு ரூபாயத் திருப்பித் தாம்பாளத்துல வச்சுட்டு கத்திய எடுத்துக்கினு வந்துடு. வித்த சரக்கத் திருப்பி வாங்கிக்க வியாபாரிக்கு உரிம உண்டு. பொண்ண மட்டும் விட்டுட்டு வந்துடாதடா, அதுக்கு யாரும் ரூபா குடுக்கல.